எட்டு வாட்டும் தொப்பிச் சத்தமும்

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி டியூப் போட்ட ஆம்ப்ளிஃபையர்) வாங்கப்போகிறேன் என்று ஹைஃபை ஆட்களிடம் சும்மா சொல்லிப் பாருங்கள். "எத்தனை வாட்?" என்பார்கள். அடுத்து, ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு அது தரும் சத்தம், எவ்வளவு என்பார்கள். இரண்டையும் சொன்னதும் ஒரு மனக்கணக்கு ஓடும். "பத்தாது பாஸ்" என்றோ "தாராளம்" என்றோ தீர்ப்பு வந்துவிடும். மலேசியாவில், எங்கள் கோலாலம்பூர் பக்கம், பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலில் வார இறுதியில் பழைய இசைத்தட்டு கிளறும் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான், புக்கிட் பிந்தாங் ஹோட்டல் அறைகளில் ஆடியோ கண்காட்சி நடக்கும்போதும் இதே பேச்சுத்தான். அந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்லவரவில்லை. என் வீட்டில் கேட்ட ஒரு விஷயத்துக்கு அந்தக் கணக்கில் பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அது நெடுநாள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

கிள்ளான் நண்பர் ஒருவர் வேலை மாற்றலாகி ஜொகூர் பாரு போனார். அங்கே வாடகை அறையில் வைக்க இடமில்லை என்று தன் 300பி ஆம்ப்பை என் வீட்டில் விட்டுப்போனார். பக்கத்துக்கு ஒரே ஒரு 300பி, சிங்கிள் எண்டட் (முழு அலையையும் ஒரே டியூப் சுமக்கும் முறை), ஃபீட்பேக் (வெளியே போவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி விட்டுப் பிழை திருத்தும் முறை) சுத்தமாகக் கிடையாது. 1930-களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் கொண்டுவந்த டியூப் அது. அந்தக் காலத்துச் சினிமாக் கொட்டகைகளில் உழைத்த ஜாதி. ஒன்றிலிருந்து சுமார் 8 வாட் வரும். என் ஸ்பீக்கரோ பிரிட்டிஷ் பாணியில் செய்த சின்னப் பெட்டி, நாலு பக்கமும் மூடியது, ஸ்டாண்டில் நிற்பது. பின்னால் 8 ஓம், 86 டெசிபல் என்று ஒட்டியிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன் என்று சொன்னபோது சிரிக்காதவர்கள் குறைவு.

போட்டதும் அறுபதுகளின் படப்பாடல்கள்தான் முதலில் ஓடின. பாடுகிற அம்மாள் பெட்டியை விட்டு இறங்கி, சோபாவுக்கு எதிரே வந்து நின்றார். மூச்சு எடுக்கும் இடம், வல்லின எழுத்தில் உதடு பிரியும் இடம் எல்லாம் துல்லியம். என் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இதே குரல் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. எட்டு வாட்டைச் சிரித்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் போல இருந்தது.

அப்புறம் ஒரு கச்சேரிப் பதிவு போட்டேன். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் குறையே இல்லை. சாப்பு விழும்போது தோல் தெறிப்பது வரை கேட்டது. தொப்பிதான் தகராறு. ரவைப் பசை அப்பிய அந்த இடது பக்கம் வலந்தலைக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அந்தத் "தொம்" ஊதிப் பருத்து, அடுத்த அடி விழுந்த பிறகும் அறையை விட்டுப் போகாமல் நின்றது. தனி ஆவர்த்தனத்தில் நடை மாறி வேகம் கூடும் இடத்தில் இடது கை என்ன செய்கிறது என்றே பிடிபடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தொப்பி எப்படி ஒலிக்கும் என்று தெரியும். அது இது இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: வாட் பத்தவில்லை, ஆம்ப் திணறுகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 86 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் ஒலி. நான் உட்காருவது இரண்டரை மீட்டரில். அதற்கு 8 டெசிபல் போகும், இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் 3 டெசிபல் திரும்ப வரும். ஆக 1 வாட்டுக்கு என் காதில் 81. அடுக்குமாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் கேட்கும் அளவு சராசரி 75 டெசிபலைத் தாண்டாது. அதற்குக் கால் வாட் போதும். திடீரென்று எழும் உச்சங்களுக்கு இன்னும் 15 டெசிபல் விட்டுவைத்தால் 8 வாட் சரியாக வந்து முட்டுகிறது. நாதஸ்வரமும் தவிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுச் சத்தத்தில் வேண்டும் என்றால் எட்டு வாட் பத்தாதுதான். ஆனால் என் தொப்பி மெதுவாக வைத்தாலும் ஊதியது. பக்கத்து அறையில் பிள்ளை தூங்கும்போது வைக்கும் அளவிலும் ஊதியது. ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கில் எந்த ஆம்ப்பும் திணறாது.

மைக் செட் அண்ணன்

செந்தூலில் ஓர் அண்ணன் இருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுபவர். அவருடைய ஸ்டோர் முழுக்க ஹார்ன் ஸ்பீக்கர்கள். இளவயதில் ஈஎல்34 டியூப் போட்ட வால்வு ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறார். வாட் பற்றி அவரிடம் யாரும் கதை விட முடியாது. "ஹார்ன்ல முப்பது வாட் குடுத்தா தோட்டமே எந்திரிச்சிரும் தம்பி" என்பார். அது மிகையில்லை. அந்த ஹார்ன்கள் 1 வாட்டுக்கு 106 டெசிபல் சுலபமாகத் தரும். என் பெட்டியைவிட 20 டெசிபல் கூட. அதாவது அதே சத்தத்துக்கு என் பெட்டிக்கு நூறு மடங்கு வாட் வேண்டும்.

மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த கச்சேரியைக் காது கொடுத்துக் கேட்டார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "வேற ஆம்ப் இருக்கா?" என்றார். அலமாரியிலிருந்து பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பை இறக்கி மாற்றினேன். தொப்பி கச்சிதமாகச் சுருங்கியது. அடித்த இடத்தில் நின்றது. குரலும் பழையபடி இரண்டடி பின்னால் போய்விட்டது. தலையை ஆட்டிவிட்டுக் கீழே காருக்குப் போனார். ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்து, அதில் கிளறி இரண்டு வெள்ளைச் சிமெண்டு ரெசிஸ்டர்களை எடுத்தார். சுண்டுவிரல் நீளம், மேலே கறுப்பு மையில் 10டபிள்யூ 2ஆர்2ஜே என்று அச்சு: பத்து வாட் தாங்கும், 2.2 ஓம். ஆம்ப்பை அணைத்து, பக்கத்துக்கு ஒன்றாக, ஸ்பீக்கரின் சிவப்பு ஒயருக்கு நடுவே முறுக்கி டேப் சுற்றினார்.

"இப்ப போடு."

தொம் திரும்பவும் ஊதியது. அதே இடத்தில், அதே சோம்பலோடு. பாட்டை மாற்றினேன். அந்த அம்மாள் மறுபடியும் சோபாவுக்கு எதிரே வந்து நின்றுவிட்டார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, திரும்பவும் அந்தப் பெரிய டியூப்பையா போட்டீங்க?" ஓடிக்கொண்டிருந்தது சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப், கூட ஐந்து மலேசிய வெள்ளி கூடப் பெறாத இரண்டு ரெசிஸ்டர். அண்ணன் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உன் கூட்டாளி ஆம்ப்புக்குள்ள இது இருக்கு தம்பி, காசு கூட, அவ்ளோதான்" என்றார்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் சொக்கிப்போனது டியூப்பின் அழகிலா, 2.2 ஓமிலா?

எட்டு ஓம் எங்கே எட்டாக இருக்கிறது?

ஸ்பீக்கர் பின்னால் ஒட்டியிருக்கும் 8 ஓம் ஒரு சமாதானத்துக்குப் போட்ட எண். இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறிக்கொண்டே இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, கைப்பேசியிலிருந்து ஒரே சுருதியில் ஒலி கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டைக் குறித்துக்கொண்டே போனால் வரைபடம் கிடைத்துவிடும். அளவு சரிபார்க்க ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டரை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். (உயர் சுருதிகளில் சாதாரண மல்டிமீட்டரை நம்ப வேண்டாம், எனக்கு வேண்டியது கீழ்ப்பகுதிதான்.) என் பெட்டியில் 200 ஹெர்ட்ஸ் வாக்கில் 6 ஓம். 75 ஹெர்ட்ஸில் 30 ஓம். மூடிய பெட்டிக்குள் ஊஃபர் (கீழ்ச் சுருதிக்கான பெரிய கூம்பு) தானாக அதிரும் இடம் அது. தொப்பி வந்து உட்கார்வதும் அந்த வட்டாரத்தில்தான்.

ஆம்ப்புக்கும் தனக்கென்று ஒரு இம்பீடன்ஸ் உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஸ்பீக்கர் என்ன ஆட்டம் போட்டாலும் அது கேட்டபடி வோல்ட்டேஜ் போகும். 300பி-யின் உள்தடை சுமார் 700 ஓம். வழக்கமான 3000 ஓமுக்கு 8 ஓம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும்போது அது 1.9 ஓம் ஆகிறது. செப்புச் சுருளின் தடையையும் சேர்த்தால் 2.3-ஐ ஒட்டி வரும். நண்பரின் ஆம்ப்பில் அளந்தும் பார்த்தேன்: 8 ஓம் சுமையில் 2 வோல்ட் காட்டியது, 4 ஓம் ஆக்கியதும் 1.63-க்கு இறங்கியது. கணக்கு ஒத்துப்போகிறது. அண்ணன் பிஸ்கட் டின்னில் கைவிட்டு எடுத்தது 2.2. குத்துமதிப்பாக எடுத்தாரா, தெரிந்தே எடுத்தாரா என்று கேட்டால் சிரிக்கிறார்.

இந்த 2.2 ஓமும் ஸ்பீக்கரும் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பீக்கர் 6 ஓமாக இருக்கும் இடத்தில் அதற்குக் கிடைப்பது நூற்றுக்கு 73 பங்கு. 30 ஓமாக இருக்கும் இடத்தில் 93. டெசிபலில் சொன்னால் இரண்டுக்கும் 2 வித்தியாசம். ஆம்ப்பில் பாஸ் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டது போலத்தான், ஒரே வேறுபாடு, திருகியது நீங்கள் இல்லை, உங்கள் ஸ்பீக்கர். போதாததற்கு ஊஃபரின் அதிர்வைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஆம்ப்பின் பிடியும் தளர்ந்துவிடுகிறது. அடி முடிந்தும் ஆட்டம் நிற்பதில்லை. குரல் முன்னால் வந்ததும் இதே கைவேலைதான். ஊஃபரும், உயர் சுருதிக்கான ட்வீட்டரும் கைமாறும் 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பல பெட்டிகளுக்கு இன்னொரு மேடு இருக்கும். அங்கேயும் ஒரு தூக்கல், அது நேராகக் குரலின் மேல் விழுகிறது. இன்னொருவர் வீட்டில் வேறு ஸ்பீக்கரோடு இதே ஆம்ப் வேறு மாதிரி பாடும். "300பி என்றால் இப்படித்தான் ஒலிக்கும்" என்று அடித்துச் சொல்பவர் தன் ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1985-இல் அமெரிக்காவில் ஆம்ப் தயாரிப்பாளர் பாப் கார்வர் ஸ்டீரியோஃபைல் ஆடியோ இதழ்க்காரர்களிடம் சவால் விட்டு, விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்பின் ஒலியைத் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவந்து காட்டினார். அவர் செய்த வேலையிலும் அவுட்புட் இம்பீடன்ஸை ஒப்பாக்குவது ஒரு பங்கு. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் கடைகளில் கேள்வி என்னவோ வாட்டிலேயே நிற்கிறது.

அப்படியென்றால் டியூப் எதற்கு, இரண்டு ரெசிஸ்டர் போதாதா என்று கேட்கலாம். நானும் அதையே கேட்டுக்கொண்டு, ரெசிஸ்டரை மாட்டியும் 300பி-யை மாட்டியும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பெரும்பங்கு ஒன்றாகத்தான் இருந்தது. எல்லாம் இல்லை. சிங்கிள் எண்டட் டியூப் தன் பங்குக்கு இரண்டாம் ஹார்மோனிக் சேர்க்கிறது; மூல ஒலிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதுக்கு உறுத்தாமல் ஒலியைக் கொஞ்சம் தடிப்பாக்குகிறது. எல்லையைத் தொடும்போது டிரான்சிஸ்டர் மாதிரி வெடுக்கென்று வெட்டாமல் வளைந்து கொடுக்கிறது. இந்த இரண்டும் எனக்கு வேண்டும். தொப்பி ஊதுவது வேண்டாம். இவ்வளவு தெளிவாக என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் ஆம்ப் தேடவே தொடங்கினேன்.

நாலு ஓம் முனையும் ஈஎல்34-உம்

தேடும் முன் காசில்லாத வைத்தியம் ஒன்று இருந்தது. வால்வு ஆம்ப்பின் பின்னால் பெரும்பாலும் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டினால் ஆம்ப்பின் இம்பீடன்ஸ் பாதியாகிறது. என் கணக்கில் 2 டெசிபல் தூக்கல் 1.2-க்கு இறங்கியது, தொப்பியும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மெலிந்தது. பதிலுக்கு வாட் கொஞ்சம் குறையும். ஆம்ப்பை அணைத்துவிட்டுத்தான் ஒயரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓட விட்டால், போக வழியில்லாத வோல்ட்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மரையே கொளுத்திவிடும். நண்பர் வைத்திருக்கும் 300பி ஜோடி ஆயிரம் டாலருக்கு மேல் போகும் ரகம், அதனால் நான் அதைத் தொடும்போதே கை நடுங்கும்.

எனக்கென்று வாங்கியது ஈஎல்34 புஷ்-புல் (ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் முறை), பக்கத்துக்கு இரண்டு டியூப், 35 வாட், அளவான ஃபீட்பேக், செகண்ட் ஹேண்ட். கேடி88 என்ற பெரிய டியூப் போட்டதும் பார்த்தேன். அதன் கூடுதல் வாட்டுக்கு என் வீட்டில் வேலையில்லை. ஃபீட்பேக் என்றாலே முகம் சுளிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மறப்பது, வால்வைத் தவிர வேறு எதுவும் இல்லாத காலத்தில் ஃபீட்பேக்கைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் வால்வு இன்ஜினியர்கள்தான். 1947-இல் வில்லியம்சன் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் தன் ஆம்ப்பை வெளியிட்டபோது குறி அதிலேயே இருந்தது. 1951-இல் ஹாஃப்ளரும் கெரோஸும் ஒலித் திரிபைக் குறைக்கும் அல்ட்ரா-லீனியர் முறையைக் கொண்டுவந்ததும், 1959-இல் டைனாக்கோ ஸ்டீரியோ 70 ஆம்ப் இதே ஈஎல்34-இல் பக்கத்துக்கு 35 வாட் கொடுத்ததும் அந்த வழியில் வந்தவை. ஃபீட்பேக்கே இல்லாத 300பி மோகம் ஜப்பானிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது பிற்பாடு. அழகான மோகம்தான். அதற்கு ஏற்ற ஸ்பீக்கர் வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது: கடையில் வாட்டைக் கேளுங்கள், கூடவே டேம்பிங் ஃபாக்டர் எவ்வளவு என்றும் கேளுங்கள். 8-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆம்ப்பின் இம்பீடன்ஸ் வந்துவிடும். 3 என்று போட்டிருந்தால் 2.7 ஓம், 10 என்றால் 0.8. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடம் ஸ்டீரியோஃபைல் விமர்சனங்களில் அளந்து போட்டிருப்பார்கள். மேடு பள்ளம் அதிகமுள்ள ஸ்பீக்கருக்கு இம்பீடன்ஸ் கூடிய ஆம்ப் வேண்டாம். சென்சிடிவிட்டி கூடிய ஹார்ன் என்றால் கவலையில்லை என்பதும் இல்லை. அவற்றிலும் சிலவற்றின் வரைபடம் கேமரன் மலைப் பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். வாட் கணக்குக்காரர்கள் ஒரே அடியில் தள்ளிவிடும் எல்எஸ்3/5ஏ இன்னொரு பக்கம். பிபிசி வடிவமைத்த அந்தக் குட்டிப் பெட்டி 83 டெசிபலைச் சுற்றித்தான். ஆனால் தொடக்ககாலப் பெட்டிகள் 15 ஓம், டியூப்புக்கு அது பாரமே இல்லை. அதை வால்வு ஆம்ப்போடு வைத்துக்கொண்டு வேறு எதற்கும் மாறாதவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

கோலாலம்பூருக்கென்று இருக்கும் தொல்லைகள் வேறு. நாலு ஈஎல்34 சும்மா இருக்கும்போதே 200 வாட் அளவுக்கு மின்சாரம் தின்று அதை அறைக்குள் சூடாக விடும். ஏர்கோன் ஒரு பக்கம் குளிர்த்த, இது ஒரு பக்கம் காய்ச்ச, கரண்ட் பில்லில் இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும். மாலையில் இடி மின்னல் தொடங்கியதும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பழையது வரவழைப்பவர்கள் 230 வோல்ட்டுக்கு முனை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஜப்பான் பொருள் 100 வோல்ட்டோடு வந்து இறங்கும்.

போன மாதம் நண்பர் ஜொகூரிலிருந்து திரும்பி வந்தார். ரெசிஸ்டர் கதையைச் சொன்னேன். ஆடிப்போவார் என்று பார்த்தால் கோபப்பட்டார். ரெசிஸ்டர் மாட்டி ஓட விட்டுக் கேட்கச் சொன்னதற்கு, கேட்கவே மாட்டேன் என்று 300பி-யைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். ஈப்போவில் ஒருவரிடம் 15 இன்ச் ஊஃபரோடு பழைய ஹார்ன் ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறதாம், 100 டெசிபலுக்கு மேலாம், எட்டு வாட் அதற்குக் கடல் மாதிரியாம். லிஃப்டில் நுழையுமா என்று அளந்துவிட்டார், மைக் செட் அண்ணனின் லாரியும் பேசியாகிவிட்டது. இம்பீடன்ஸ் வரைபடம் கேட்டாயா என்றேன். கேட்டாராம். "எட்டு ஓம் பாஸ், பின்னாடியே எழுதியிருக்கு" என்றாராம் விற்பவர். சனிக்கிழமை மல்டிமீட்டரோடு போகிறோம்.